ஆக்‌ஷன் படத்துக்கென்றே ரெக்கார்டு செய்த மெட்டல் ஆல்பங்கள் எவை?

ஈரோடு_பார்பெல் கேட்டது:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஈரோட்டில் சின்னதாக ஒரு ஜிம் நடத்துகிறேன். காலையில் வருகிற கூட்டம் எது ஓடினாலும் கேட்டுக்கொள்ளும். சாயங்காலம் வருகிறவர்கள் கனமான எடை தூக்குகிற பையன்கள். அவர்களுக்குக் கிட்டார் இரைந்தாக வேண்டும். ஹாலிவுட் ஆக்‌ஷன் படங்களின் ஆல்பங்களிலிருந்து ஒரு வரிசை தயார் செய்யலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

'அயர்ன் மேன் 2' ஆல்பத்தில் தொடங்கினேன். 15 பாட்டும் ஏசி/டிசி. ஒன்றுகூட சோடை இல்லை. ஆனால் எல்லாமே அந்த பேண்டின் பழைய ஆல்பங்களிலிருந்து எடுத்துக் கோத்தவை. 2010-இல் வந்த படத்துக்காக ஒரு பாட்டுகூடப் புதிதாக எழுதவில்லை. படத்தில் நம் காதில் விழுவதும் 'ஷூட் டு திரில்', 'ஹைவே டு ஹெல்' என்று ஓரிரண்டுதான். அந்தப் பாட்டெல்லாம் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது.

எனக்கு வேண்டியது வேறு. ஒரு படத்துக்கென்று பேண்டுகளைக் கூப்பிட்டு, அவர்கள் புதிதாக வாசித்துக் கொடுத்த ஹார்டு ராக், மெட்டல் ஆல்பம். எந்தப் பாட்டையும் தாண்டாமல் முதலிலிருந்து கடைசி வரை ஓட விடக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படி எவை இருக்கின்றன?

கூடவே இன்னொரு சந்தேகம். 'டெர்மினேட்டர் 2' படத்தின் ஆல்பத்தை வாங்கினால் அதில் 'யூ குட் பி மைன்' இல்லையே, அது ஏன்?

பி_பக்கம் பதில்:

தம்பி, வேறு எதையும் யோசிக்காமல் 1993-இல் வந்த 'லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ'வில் தொடங்குங்கள்.

திருச்சியில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிதில் எம்டிவியில் 'பிக் கன்' வீடியோ ஓடும். அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர், ஏசி/டிசியின் ஆங்கஸ் யங் மாதிரியே பள்ளிக்கூடத் தொப்பியும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு மேடையில் குதிப்பார். பக்கத்தில் நிற்கும் ஆங்கஸ் அவர் தோளுக்குக்கூட எட்ட மாட்டார். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் கேசட்டைத் தேடி அலைந்தேன். படத்தைப் பார்த்தது அதற்கு வெகு காலம் கழித்து.

படத்தின் கதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1993 ஜூன் 18 அன்று அமெரிக்காவில் வெளியானது. 'ஜுராசிக் பார்க்' வந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. டைனோசருக்கு முன்னால் அர்னால்டு எடுபடவில்லை. ஆனால் ஆல்பம் தன் காலில் நின்றது. அந்த ஆண்டே அமெரிக்காவில் பிளாட்டினம் ஆனது, அதாவது 10 லட்சம் பிரதிகள். படத்தைப் பார்க்காதவர்கள்தான் அதை வாங்கியிருக்க வேண்டும்.

மொத்தம் 12 பாட்டு. முதலில் 'பிக் கன்'. தயாரித்தவர் ரிக் ரூபின். ஏசி/டிசி அவரோடு சேர்ந்தது அதுதான் முதல் தடவை. பிறகுதான் 1995-இல் 'பால்பிரேக்கர்' முழு ஆல்பத்தையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். டெட்லிஃப்ட் போடுகிறவனுக்கு இதைவிட நேரான பாட்டு கிடைக்காது. ஆனால் இந்த ஆல்பத்தின் உயிர் அதில் இல்லை.

இரண்டாவது பாட்டு தொடங்கியதும் அறையில் வெளிச்சம் குறைந்துவிடும். ஆலிஸ் இன் செயின்ஸ் பேண்டின் 'வாட் தி ஹெல் ஹேவ் ஐ'. சிதார் சாயலில் சுற்றிச் சுற்றி வரும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி), அதன் மேல் லேன் ஸ்டேலியும் ஜெர்ரி கான்ட்ரலும் ஒட்டியும் ஒட்டாமலும் பாடும் இரட்டைக் குரல். பேஸ் வாசித்தவர் மைக் ஐனெஸ். ஆஸி ஆஸ்போர்னிடம் வாசித்துக்கொண்டிருந்தவர். இந்த பேண்டில் சேர்ந்த பிறகு ஸ்டூடியோவில் அவர் முதலில் வாசித்தது இந்தப் படத்துக்கான பாட்டுகளில்தான். எட்டாவதாக வரும் 'எ லிட்டில் பிட்டர்' பாட்டும் அவர்களுடையதே. கோடை விடுமுறையில் குழந்தைகளோடு பார்க்கிற அர்னால்டு படம் அது. அதற்கு இவ்வளவு இருட்டான இரண்டு பாட்டுகளைத் துளியும் இனிப்பாக்காமல் கொடுத்தார்களே, அந்த பேண்டின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

மூன்றாவது மெகாடெத்தின் 'ஆங்க்ரி அகெயின்'. வேகம் நடுத்தரம்தான். டேவ் மஸ்டெய்ன் பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவார், டிரம்ஸ் அவசரப்படாமல் அழுத்தி அழுத்தி வரும். கிராமி விருதுக்குப் பரிந்துரையானது. படத்தைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போன பிறகும் மெகாடெத் இதை மேடைகளில் வாசித்துக்கொண்டேதான் இருந்தது. ஆந்த்ராக்ஸ் கொடுத்த 'பாய்ஸன் மை ஐஸ்' பாட்டும் அப்படித்தான். ஜான் புஷ் பாடகராக வந்து சேர்ந்த புதிது, பேண்டுக்கே புது ரத்தம் ஏறியிருந்தது, அது பாட்டில் கேட்கும்.

டெஸ்லா பாடிய தலைப்புப் பாட்டு எனக்குச் சம்பிரதாயமாகப் படுகிறது. சைப்ரஸ் ஹில், ஃபிஷ்போன் இரண்டும் வேறு மனநிலை, உங்கள் பையன்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

இனி முக்கியமான ஆளுக்கு வருகிறேன்: மைக்கேல் கேமன். படத்தின் இசையமைப்பாளர். நியூயார்க்காரர், ஜூலியார்டு பள்ளியில் ஓபோ படித்தவர், 'டை ஹார்டு', 'லீத்தல் வெப்பன்', 'ஹைலேண்டர்' படங்களுக்கு இசையமைத்தவர். ஆர்கெஸ்ட்ராவையும் ராக் பேண்டையும் ஒன்றாக உட்காரவைப்பது இவருக்குக் கைவந்த கலை. குவீன்ஸ்ரைக்கின் 'சைலன்ட் லூசிடிட்டி' (1990), மெட்டாலிகாவின் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' (1991) இரண்டிலும் பின்னால் கேட்கும் ஆர்கெஸ்ட்ரா இவர் எழுதியது. இந்த ஆல்பத்தில் குவீன்ஸ்ரைக்கின் 'ரியல் வேர்ல்டு' பாட்டிலும் அவர் இருக்கிறார். டெஃப் லெப்பர்டின் 'டூ ஸ்டெப்ஸ் பிஹைண்ட்' ஏற்கெனவே ஒரு சிங்கிளின் (தனிப்பாட்டாக வெளியிடும் தட்டு) மறுபக்கத்தில் சும்மா கிடந்த பாட்டு. கேமன் அதில் வயலின்களைச் சேர்த்ததும் அமெரிக்க ரேடியோவெல்லாம் அது ஓடியது. ஏரோஸ்மித்தின் 'ட்ரீம் ஆன்', எம்டிவியின் பத்தாம் ஆண்டு விழாவில் அவருடைய ஆர்கெஸ்ட்ராவோடு மேடையில் வாசித்தது. கடைசியாக 'ஜாக் அண்ட் தி ரிப்பர்': கேமனின் இசையோடு பக்கெட்ஹெட் கிட்டார். முகத்தில் வெள்ளை முகமூடி, தலையில் கோழிக்கறி வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வாசிப்பாரே, அவர்தான்.

அதாவது ஆல்பத்தில் மூன்று நான்கு இடங்களில் ஒரே மனிதரின் கை இருக்கிறது. பல பேண்டுகளின் பாட்டுகளைச் சேர்த்துக் கட்டியது போலத் தெரியாமல் ஒரே ஆல்பமாகக் கேட்பதற்குக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம். இதே கேமன்தான் 1999-இல் பெர்க்லியில் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியையும் மெட்டாலிகாவையும் ஒரே மேடையில் ஏற்றி 'எஸ் அண்ட் எம்' நடத்தினார். 2003-இல் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை.

இப்படி ஆல்பம் அமைவதற்கு வியாபாரக் காரணமும் உண்டு. சோனி நிறுவனம் 1988-இல் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் இருந்த சிபிஎஸ் இசை நிறுவனத்தை வாங்கியது, 1989-இல் கொலம்பியா பிக்சர்ஸ் பட நிறுவனத்தை வாங்கியது. இந்தப் படம் கொலம்பியா பிக்சர்ஸ் எடுத்தது, ஆல்பம் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் போட்டது. ஆலிஸ் இன் செயின்ஸ், சைப்ரஸ் ஹில், ஃபிஷ்போன் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். மெகாடெத், ஏசி/டிசி போன்றவர்களை அடுத்த வீட்டிலிருந்து அனுமதி வாங்கி அழைத்து வந்தார்கள். படமும் பாட்டும் ஒரே கம்பெனியிடம் இருக்கும்போதுதான் இப்படிப் பணம் போட்டுப் புதிய பாட்டு எழுதச் சொல்வார்கள்.

அடுத்தது, அதே 1993-இல் வந்த 'ஜட்ஜ்மென்ட் நைட்'. குத்துச்சண்டை பார்க்கக் கிளம்பிய நான்கு நண்பர்கள் சிகாகோவில் வழி தவறிப்போய் ஒரு கொலையைப் பார்த்துவிடும் கதை. படம் சுமார். ஆல்பம் அப்படியில்லை, அது ஒரு பெரிய யோசனை: 11 பாட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ராக் பேண்டும் ஒரு ராப் குழுவும் ஜோடி. எல்லாமே இதற்கென்று ரெக்கார்டு செய்தவை. ஹெல்மட்டும் ஹவுஸ் ஆஃப் பெயினும் சேர்ந்த 'ஜஸ்ட் அனதர் விக்டிம்' பாட்டில் நடுவில் வேகம் மாறும் இடத்தைக் கவனியுங்கள். ஸ்லேயரும் ஐஸ்-டியும் எக்ஸ்ப்ளாய்ட்டட் என்ற பங்க் பேண்டின் மூன்று பாட்டுகளை ஒன்றாகக் கோத்து 'டிஸார்டர்' என்று கொடுத்தார்கள். அதில் 'யுகே 82' என்று வரும் இடத்தை 'எல்ஏ 92' என்று மாற்றிப் பாடியிருக்கிறார்கள். 1992-இல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தில் எரிந்து முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதைக் கத்தும்போது அது வெறும் சினிமாப் பாட்டாக எனக்குக் கேட்கவில்லை. ஃபெயித் நோ மோர், பூ-யா ட்ரைப் சேர்ந்த 'அனதர் பாடி மர்டர்ட்' அதைவிடக் கனம். டூல் பேண்டும் ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷினும் சேர்ந்து இதற்காக ஒரு பாட்டு எடுத்துப் பார்த்தார்கள்; திருப்தி இல்லாமல் கொடுக்காமலே விட்டுவிட்டார்கள். அந்த நேர்மையும் எனக்குப் பிடிக்கும்.

மூன்றாவது, 1986-இன் 'ஹூ மேட் ஹூ'. ஏசி/டிசி. எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங் தானே இயக்கிய 'மாக்ஸிமம் ஓவர்டிரைவ்' படத்துக்காக. லாரிகளெல்லாம் உயிர் பெற்று மனிதர்களைத் துரத்தும் கதை. கிங் அந்த பேண்டின் தீவிர ரசிகர், அதனால் அவர்களையே கேட்டார். புதிதாக மூன்றுதான்: தலைப்புப் பாட்டும், 'டி.டி.', 'சேஸ் தி ஏஸ்' என்ற இரண்டு வாத்தியப் பாட்டுகளும். மற்றவை பழையவை. நீங்கள் கேட்ட நிபந்தனைக்கு முழுதாகப் பொருந்தாது. ஆனால் பாட்டுக்காரர்கள் இல்லாமல் ஆங்கஸும் அவர் அண்ணன் மால்கமும் வெறும் கிட்டாரில் பேசிக்கொள்வதை வேறு எங்கே கேட்பீர்கள்? அந்த இரண்டுக்காகவே சொல்கிறேன்.

'டெர்மினேட்டர் 2' கேள்விக்கு: அந்த ஆல்பம் பிராட் ஃபீடலின் பின்னணி இசை மட்டும். 'யூ குட் பி மைன்' கன்ஸ் அண்ட் ரோஸஸ் தங்கள் அடுத்த ஆல்பத்துக்கு முன்னோட்டமாக விட்ட சிங்கிள். 1991 ஜூனில் சிங்கிள் வந்தது, செப்டம்பரில் 'யூஸ் யுவர் இல்யூஷன் 2' ஆல்பத்தில் சேர்ந்தது. அர்னால்டு அந்த வீடியோவிலும் வந்து போவார். படத்துக்கு அது விளம்பரம், பேண்டுக்கும் அது விளம்பரம். ஆனால் பாட்டை வாங்க வேண்டுமானால் பேண்டின் ஆல்பத்துக்குத்தான் போக வேண்டும்.

மிக்ஸிங்_அறை பதில்:

பி_பக்கம் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சென்னையில் படங்களுக்கு ஒலி கலக்கும் வேலையில் இருக்கிறேன். இந்த ஆல்பங்களில் இருக்கும் நல்ல பாட்டுகளில் பாதி ஏன் படத்தில் கேட்பதே இல்லை என்பதற்கு வியாபாரத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது.

டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார், அதாவது வேண்டுமென்றே கரகரப்பாக்கிய கிட்டார், பெரும்பாலும் 12 இஞ்ச் ஸ்பீக்கர் வழியாக வருகிறது. அந்த ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று அடங்கிவிடும். அதனால் அதன் பலமெல்லாம் ஒலி அதிர்வெண்களின் நடுப்பகுதியில் குவிகிறது. மனிதப் பேச்சு புரிவதற்கு வேண்டிய க, ச, த, ப ஒலிகளின் தெளிவும் அங்கேதான், முக்கியமாக 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை. பழைய தொலைபேசி 300-இலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டும்தான் அனுப்பியது, அதிலேயே எல்லாம் பேசி முடித்தோம். ஆக, கிட்டாரும் வசனமும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. வசனம் வரும்போது கிட்டாரை இறக்குவார்கள். இறக்கிய டிஸ்டார்ஷன் கிட்டார் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆகிவிடும், அதில் ஒரு வீரமும் மிஞ்சாது.

இன்னொன்று, டிஸ்டார்ஷன் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கும். ஆர்கெஸ்ட்ரா ஒரு நொடியில் அடங்கித் துப்பாக்கிச் சத்தத்துக்கு வழி விடும், அடுத்த நொடியில் எழும்பும். மெட்டல் பாட்டு அப்படி வழி விடுவதில்லை. அதனால்தான் படங்களில் அதைப் பெரும்பாலும் வசனமில்லாத இடத்திலோ கடைசிப் பெயர்ப் பட்டியலிலோ வைக்கிறார்கள். 1999-இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' பாருங்கள். ஆல்பத்தில் ராம்ஸ்டைன், மினிஸ்ட்ரி, மர்லின் மேன்சன், ராப் ஸாம்பி, டெஃப்டோன்ஸ் எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் தூண்கள் சிதறும் அந்த லாபி சண்டைக்கு வைத்தது ப்ரொப்பெல்லர்ஹெட்ஸின் எலக்ட்ரானிக் இசை. அடிக்கும் அடிக்கும் நடுவில் அதில் வெற்றிடம் இருக்கிறது, ஒவ்வொரு தோட்டாவும் தனியாக விழுகிறது. ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷினின் 'வேக் அப்' வருவது கடைசியில் கதாநாயகன் நியோ பேசி முடித்து மேலே பறந்த பிறகு. அப்போது எதோடும் போட்டி இல்லை, முழு சத்தத்தில் விடலாம்.

'டெர்மினேட்டர் 2' இதற்கு வேறு வழி பிடித்தது. பையன் பைக்கில் கிளம்பும்போது பாட்டு ஒரு டேப் ரெக்கார்டரிலிருந்து வருகிறது. சின்ன ஸ்பீக்கர் சத்தம், நடுப்பகுதியைக் குறைத்தாலும் உறுத்தாது.

எனக்கு மிகப் பிடித்த வழி 2015-இன் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு'. அங்கே கிட்டார்க்காரரையே படைவரிசையில் சேர்த்துவிட்டார்கள். ஸ்பீக்கர்களை அடுக்கிய வண்டி, முன்னால் தொங்கிக்கொண்டு நெருப்பு கக்கும் கிட்டார் வாசிக்கும் ஆள், பின்னால் பெரிய டிரம்கள். நடித்தவர் ஐயோட்டா என்ற ஆஸ்திரேலிய இசைக்கலைஞர். அந்தக் கிட்டார் உண்மையிலேயே வாசிக்கக்கூடியது, நெருப்பும் உண்மையானது. கேமரா அந்த வண்டியை நெருங்கினால் கிட்டார் ஏறுகிறது, விலகினால் இறங்குகிறது. கிட்டார் ஏறுவதும் இறங்குவதும் காட்சிக்குள்ளேயே நடக்கிறது, கலக்குகிறவருக்கு இதைவிட நல்ல இடம் யாரும் கொடுத்ததில்லை.

ஆல்பம் என்று கேட்டால் நான் 1994-இன் 'தி க்ரோ'வை முன்னால் வைப்பேன். படப்பிடிப்பில் பிராண்டன் லீ இறந்துபோன துயரம் அந்தப் படத்தின் மேல் நிரந்தரமாக இருக்கிறது, அதைச் சுரண்டாமல் சுமக்கிற ஆல்பம் இது. மூலமான காமிக்ஸை வரைந்த ஜேம்ஸ் ஓ'பார் ஜாய் டிவிஷன், தி க்யூர் பேண்டுகளைக் கேட்டுக்கொண்டு வளர்ந்தவர், அவர்களின் சாயல் புத்தகத்தின் பக்கங்களிலேயே இருக்கும். ஆல்பத்தில் ஜாய் டிவிஷனின் 'டெட் சோல்ஸ்' பாட்டை நைன் இன்ச் நெயில்ஸ் வாசித்தார்கள், தி க்யூர் 'பர்ன்' என்று புதிதாகவே ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். பாட்டுகள் கதையின் வேரிலிருந்து வந்திருக்கின்றன. மெட்டல் வேண்டுமென்றால் பன்டேராவின் 'தி பேட்ஜ்' இருக்கிறது, ஹெல்மட் இருக்கிறது. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த ஆல்பம். அண்ணா இதை விட்டது எனக்கு வருத்தம்.

ஈரோடு_பார்பெல்:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, ரெண்டு பேருக்கும் நன்றி. 'எ லிட்டில் பிட்டர்' இப்போதுதான் கேட்டேன், திரும்பவும் ஓட விட்டிருக்கிறேன். 'மார்ட்டல் காம்பாட்', 'மிஷன் இம்பாஸிபிள் 2', 'ஸ்பான்' மூன்றையும் ஒருத்தர் சொன்னார். வாங்கலாமா?

பி_பக்கம் பதில்:

'தி க்ரோ' ஜிம்முக்குச் சரிவராது என்றுதான் சொல்லவில்லை. அது தனியாக ஹெட்போனில் இரவு கேட்க வேண்டியது. அதன் தரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. மிக்ஸிங்_அறை சொன்ன நடுப்பகுதிக் கணக்கு நான் கேட்டிராதது, இனி ஒவ்வொரு படத்திலும் அதையே கவனிப்பேன்.

'மார்ட்டல் காம்பாட்' (1995) வாங்குங்கள். அந்தத் தலைப்பு டெக்னோ இசை உங்கள் காலைக் கூட்டத்துக்கே பிடிக்கும். ஆனால் அதே ஆல்பத்துக்குள் ஃபியர் ஃபாக்டரியின் 'ஸீரோ சிக்னல்', டைப் ஓ நெகட்டிவ், பிளாக் சாபத்தின் கீஸர் பட்லர் தனியாக நடத்திய பேண்டு எல்லாம் இருக்கிறது. நேப்பாம் டெத்கூட இருக்கிறது! பர்மிங்ஹாமின் கிரைண்ட்கோர் (மெட்டலிலேயே மிக வேகமான, முரட்டு வகை) பேண்டு, அமெரிக்காவில் பிளாட்டினம் ஆன ஒரு வீடியோ கேம் படத்தின் ஆல்பத்தில். பாட்டுப் பட்டியலைப் பார்த்து விளையாட்டுக்காக வாங்கிய எத்தனை பள்ளிப் பையன்கள் அன்றைக்கு மெட்டலுக்குள் விழுந்திருப்பார்கள்! பல பாட்டுகள் அந்த பேண்டுகளின் சொந்த ஆல்பங்களிலிருந்து வந்தவைதான், ஆனால் தேர்ந்தெடுத்தவருக்குக் காது இருந்திருக்கிறது. ஜார்ஜ் எஸ். கிளின்டன் அமைத்த பின்னணி இசையில் கிட்டார் வாசித்தவரும் நம் பக்கெட்ஹெட்தான்.

'ஸ்பான்' (1997) 'ஜட்ஜ்மென்ட் நைட்'டின் தம்பி. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் ஹாப்பி வால்டர்ஸ். முதலில் ராக்கையும் ராப்பையும் ஜோடி சேர்த்தார், பிறகு ராக்கையும் எலக்ட்ரானிக்கையும். ஃபில்டரும் கிறிஸ்டல் மெத்தடும் சேர்ந்தது அருமை. மெட்டாலிகாவின் கிர்க் ஹேமெட் ஆர்பிட்டலோடு வாசித்த 'சேட்டன்' நன்றாக இருக்கிறது. ஸ்லேயரும் அடாரி டீனேஜ் ரயட்டும் சேர்ந்த 'நோ ரிமோர்ஸ்' எடை தூக்கும்போது போட வேண்டாம், பையன்கள் எண்ணிக்கையை மறந்துவிடுவார்கள். மெட்டாலிகாவின் 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' ரீமிக்ஸைத் தாண்டிவிடலாம், மூலப் பாட்டில் குறையாக எதுவும் இல்லை.

'மிஷன் இம்பாஸிபிள் 2' (2000) எனக்குப் பாதி மனதுதான். மெட்டாலிகா இந்தப் படத்துக்கென்று எழுதிய 'ஐ டிஸப்பியர்' இருக்கிறது. ஜேசன் நியூஸ்டட் அந்த பேண்டோடு ஸ்டூடியோவில் வாசித்த கடைசிப் பாட்டு அது, அதற்காகவாவது கேளுங்கள். பாட்டு வெளிவருவதற்கு முன்பே முடிக்காத வடிவம், இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டரில் பரவி, ரேடியோக்கள் அதை ஒலிபரப்பத் தொடங்கின. தேடிப்போன மெட்டாலிகா 2000 ஏப்ரலில் நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்டது. இன்று நாம் பாட்டு கேட்கும் முறையே மாறியதற்கு நடுவில் ஒரு ஆக்‌ஷன் படப் பாட்டு நிற்கிறது. லிம்ப் பிஸ்கிட், லாலோ ஷிஃப்ரின் அமைத்த பழைய தலைப்பிசையை எடுத்து வாசித்ததும் நல்ல வேலை. மற்றபடி அட்டையிலேயே 'படத்திலிருந்தும், படத்தின் தூண்டுதலிலும்' என்று போட்டுவிட்டார்கள். அப்படிப் போட்டிருந்தால் படத்தில் வராத பாட்டுகளும் உள்ளே இருக்கும் என்று பொருள். கடையில் அந்த வரியைப் பார்த்தால் பாட்டுப் பட்டியலைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொரு குறுக்கு வழி: மெகாடெத்தின் 'ஹிடன் ட்ரெஷர்ஸ்' (1995). எட்டே பாட்டு, அதில் ஐந்து படங்களுக்காகக் கொடுத்தவை. 'ஷாக்கர்', 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்', 'பில் அண்ட் டெட்ஸ் போகஸ் ஜர்னி', 'லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ', 'டீமன் நைட்'. இவற்றில் பெரும்பாலானவை ஆக்‌ஷன் படமே இல்லை, ஆனால் வேறு வேறு படங்களில் சிதறிக் கிடந்ததை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு மெட்டல் பேண்டுக்கு சினிமாவிலிருந்து எவ்வளவு வேலை வந்தது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

உங்கள் வரிசைக்கு என் யோசனை: உடம்பு சூடாகும் வரை 'ஹூ மேட் ஹூ', 'பிக் கன்'. கனமான செட்டுக்கு 'ஆங்க்ரி அகெயின்', 'ஸீரோ சிக்னல்', 'ஜஸ்ட் அனதர் விக்டிம்'. ஆலிஸ் இன் செயின்ஸ் இரண்டையும் ஸ்குவாட்டுக்கு வையுங்கள், அந்த மெதுவான கனம் கீழே போய் மேலே வருவதற்குப் பொருந்தும். முடிக்கும்போது கேமனின் 'ட்ரீம் ஆன்'.

சிங்கை_ரிஃப் பதில்:

எல்லாரும் தொண்ணூறுகளிலேயே நிற்கிறீர்கள். 1986-ஐ இன்னும் கொஞ்சம் தோண்டுங்கள்.

ஜனவரியில் 'அயர்ன் ஈகிள்' வந்தது. சிறைப்பட்ட அப்பாவை மீட்க ஒரு பையன் எஃப்-16 விமானம் ஓட்டிப் போகிற கதை. கேசட் போட்டுப் பாட்டு ஓடினால்தான் அவனுக்குக் குறி சரியாக விழும். படத்தின் கதைக்குள்ளேயே ராக் பாட்டு ஒரு ஆயுதம், அதனால் மிக்ஸிங்_அறை சொன்ன பிரச்சினையை இவர்கள் அப்போதே தீர்த்துவிட்டார்கள். குவீனின் 'ஒன் விஷன்' ஓடும்போது அவன் சுடுவதைப் பாருங்கள். ஆல்பத்தில் டியோ, ஹெலிக்ஸ், கிங் கோப்ரா இருக்கிறார்கள். கிங் கோப்ராவின் 'நெவர் சே டை' படத்துக்கென்றே வந்தது; வீடியோவில் படத்தின் நடிகர் லூயிஸ் காசெட் ஜூனியரும் வருவார்.

அதே ஆண்டு கார்ட்டூன் படமான 'தி டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: தி மூவி'. ஸ்டான் புஷ் பாடிய 'தி டச்' முதலில் ஸ்டாலோனின் 'கோப்ரா' படத்துக்காக எழுதியது. போலீஸ்காரனுக்கு எழுதிய பாட்டு ரோபோவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் ஸ்பெக்டர் ஜெனரல் என்று ஒரு பேண்டின் பெயர் பார்ப்பீர்கள். அது கனடாவின் கிக் ஆக்ஸ் பேண்டு. அவர்களைக் கேட்காமலேயே பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்கள். 'ஹங்கர்' பாட்டைக் கேட்டுவிட்டு அந்தப் பையன்களை நினைத்தால் வயிறு எரிகிறது. தங்கள் வாழ்நாளில் அதிகம் பேர் கேட்ட பாட்டு வேறு பெயரில் இருக்கிறது.

அப்புறம் 'டாப் கன்'. அது பாப் ஆல்பம் என்று நீங்கள் ஒதுக்குவீர்கள். ஆனால் ஜூடாஸ் ப்ரீஸ்ட்டிடம் 'ரெக்லெஸ்' பாட்டைக் கேட்டார்கள், பேண்டு மறுத்துவிட்டது. படம் ஓடாது என்று நினைத்தார்கள். கொடுத்திருந்தால் தங்கள் ஆல்பத்திலிருந்து அந்தப் பாட்டை எடுக்கவும் வேண்டியிருந்திருக்கும். அதே ஆண்டு வந்த 'டர்போ' ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக அது இருக்கிறது. தம்பி, ஓடுதளத்திலிருந்து விமானங்கள் கிளம்பும் அந்த முதல் காட்சியைச் சத்தமில்லாமல் ஓட விட்டு, மேலே 'ரெக்லெஸ்' போட்டுப் பாருங்கள். ராப் ஹால்ஃபோர்டின் குரல் ஏறும் இடத்தில் என்ன தோன்றியது என்று இங்கேயே எழுதுங்கள்.